தர்ப்பை வைக்காத ஜாடி

விருந்துக்குச் சரியாக நாற்பத்தாறு மணி நேரம் இருந்தபோது, சத்யபாமா நாலாயிரம் வருஷத்து எகிப்தைச் சாக்கடையில் ஊற்றினாள்.

வேண்டுமென்று செய்ததில்லை, மறதியில் செய்ததும் இல்லை. சந்திர கிரகணம் விட்டது. தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் வந்து, தர்ப்பை வைக்காத எல்லாவற்றையும் ஒரு பக்கத்திலிருந்து கொட்டிக்கொண்டே வந்தாள். காலையில் ஆட்டிய இட்லி மாவு போயிற்று. அரைப் பானைத் தயிர் போயிற்று. ஊறவைத்த கடலையும் குடிதண்ணீரும் போயின. அலமாரியின் கோடியில், வாயில் மெல்லிய துணி கட்டி, கழுத்தில் நீல ரிப்பன் சுற்றிய கண்ணாடி ஜாடி ஒன்று நின்றது. கரண்ட் இல்லை. ஒரு கையில் கைப்பேசி விளக்கு, மறு கையில் ஜாடி. துணியை அவிழ்த்துக் கவிழ்த்தாள். வெளுத்த கூழ் கொழகொழவென்று இறங்கித் ரங்கூன் தாமுவே பேட்டையின் சாக்கடையில் கலந்தது. ஜாடியைக் கழுவும்போதுதான் ரிப்பன் விரலில் சிக்கியது.

கோயில் ஐயர் கொடுத்தனுப்பியது ஐந்தே ஐந்து புல். நெய்க்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, மாவடுவுக்கு ஒன்று, நார்த்தங்காய் ஊறுகாய்க்கு ஒன்று. ஐந்தாவது புல்லைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் அலமாரி முன்னால் நின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜாடியைப் பார்த்தாள். ஜாடி ஒரு குமிழி விட்டது. ‘உனக்கு வேற புல்லா?’ என்று ஐந்தாவதையும் ஊறுகாயிலேயே செருகினாள். பிறகு நடந்ததெல்லாம் கையின் வேலை. இருபது வருஷம் ஒவ்வொரு கிரகணத்துக்கும் கொட்டிப் பழகிய கை. அது நின்று யோசிக்காது.

ஜாடி மோகனுடையது. மோகன், முதலாளி தனசேகரனின் அக்காள் மகன். பதினோரு வருஷம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு, தை மாதம் ஊர் திரும்பியிருந்தான். கொடுக்கிற அட்டையில் ‘உணவு வரலாற்று ஆய்வாளர்’ என்று போட்டிருந்தது. என்ன ஆய்வு, எங்கே, யாரிடம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். எதைத் தின்றாலும் கண்ணை மூடிக்கொள்வான். முதல் நாள் சத்யபாமா கொடுத்த வெறும் டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். வயிற்றைக் கலக்குகிறதோ என்று அவள் கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் கை காட்டினாள்.

அந்த ஜாடியை அவன் விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தானாம். எகிப்தில் ஒரு பழைய கல்லறையில் கிடைத்த பானையின் துளைகளுக்குள் நாலாயிரம் வருஷம் தூங்கிக்கொண்டிருந்த, மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரை யாரோ எழுப்பி, மாவு ஊட்டி வளர்த்து, பங்கு பிரித்து, அதில் ஒரு பங்கு இவன் கைக்கு வந்திருந்ததாம். அதற்கு ராணி என்று பெயர் வைத்திருந்தான்.

“ராணிக்குக் காலைல ரெண்டு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணி,” என்று சொல்லிவிட்டு, பர்மியத் தபௌங் மாதப் பௌர்ணமி விடுமுறைக்குக் கியாக்தான் தீவுப் பகோடாவைப் பார்க்கக் கூட்டாளிகளோடு கிளம்பினான். “குளிர் பட்டுறாமப் பாத்துக்கங்க, மா சத்யா.” அக்காவை அழைக்கிற பர்மிய வழக்கப்படி ‘மா’ போட்டுத்தான் அவளைக் கூப்பிடுவான்.

“ரங்கூன்ல மார்ச் மாசம் யாரு தம்பி குளிர்ல செத்தா?”

அவன் அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

இந்த ராணியை நம்பித்தான் விருந்து. தனசேகரனின் சமையற்கூடம் ஒரு காலத்தில் வாரம் மூன்று கல்யாணம் பார்த்த இடம். இப்போது கல்யாணங்களே சுருங்கிவிட்டன. பையன்கள் பாதிப் பேர் ஊரில் இல்லை. மருமகன் ஒரு யோசனை சொன்னான். நகரத்தின் நடுவில், பழைய கப்பல் கம்பெனிக் கட்டடத்து மாடியில், ‘பிரமிடு கட்டியவர்களின் ஒரு நாள் சாப்பாடு.’ நாற்பது பேர். பணக்காரர்கள் மட்டும்.

“இது பேர் வாங்கினா மாசம் ஒண்ணு நடத்தலாம் சத்யாம்மா,” என்றார் தனசேகரன். “இல்லேன்னா சமையக்கட்டைப் பூட்ட வேண்டியதுதான். உங்களையும் அந்த ஆறு பொம்பளைங்களையும் நான் எத்தனை நாளைக்குச் சும்மா உக்கார வச்சிருக்க முடியும்?”

ஆகவே மோகன் பாடம் நடத்தினான், சத்யபாமா கேட்டாள். எகிப்தியன் தினம் என்ன தின்றான்? ரொட்டி. அப்புறம்? பார்லியில் காய்ச்சிய கள் மாதிரி ஒரு சமாச்சாரம். அதை மட்டும் தனசேகரன் ஒரேயடியாக மறுத்துவிட்டார், லைசென்ஸ் தொல்லை. பதிலுக்குப் பேரீச்சம்பழச் சர்பத். அப்புறம் வெங்காயம், பூண்டு, பருப்பு, வெள்ளரிக்காய், கருவாடு. கொத்தமல்லியும் சீரகமும் இருந்தனவாம். மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது.

“மொளகாயே கெடையாதா? ராஜா வீட்டுலயும்?”

“ராஜா வீட்டுலயும் கிடையாது. அதெல்லாம் அமெரிக்காவுலேருந்து பின்னாடி வந்தது.”

“அப்ப அவங்க சமைக்கல தம்பி. வேக வச்சிருக்காங்க.”

அம்மிக்கல்லின் மண் மாவில் கலந்து, அதைத் தின்று தின்று அந்த நாட்டு ஜனங்களுக்கு ராஜா முதல் கூலி வரை பல் தேய்ந்துபோயிருந்தது என்றும் அவன் சொன்னான். ஏதோ பெருமை மாதிரிச் சொன்னான். நல்ல சல்லடை ஒன்று செய்துகொள்ளத் தெரியாமல் மலை உயரத்துக்குக் கல்லை அடுக்கிய ஜனத்தைப் பற்றி சத்யபாமா அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மத்தியானத்தில் கிடங்கு நிழலில் உட்கார்ந்து பழையதைக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்து, வாட்டிய கருவாட்டைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். அதே சாப்பாடு. அதைப் பார்க்க யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. நாலாயிரம் வருஷம் கழித்து ஒரு வேளை வருவார்களோ என்னவோ.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாள். ரொட்டி சுடுவதற்கு மணி போல நீண்ட மண் அச்சுகள். படம் வரைந்து கொடுத்து துவாந்தேயில் குயவனிடம் செய்து வாங்கியிருந்தார்கள். அச்சைச் சூடு பண்ணி, அதில் மாவை ஊற்றி, மேலே இன்னொரு அச்சைக் கவிழ்த்து, தணலில் புதைக்க வேண்டும். மோகன் ஒத்திகை பார்த்தான். ரொட்டி அச்சோடு ஒட்டிக்கொண்டது. அச்சை உடைத்து எடுத்தான். இரண்டாவதையும் உடைத்தான். நாலாவதை உடைத்துவிட்டு, “அவங்களும் ஒடைச்சுத்தான் எடுத்திருப்பாங்க,” என்று ஆய்வு முடிவை அறிவித்தான்.

சத்யபாமா மிச்ச அச்சுகளை வாங்கி வைத்துக்கொண்டாள். புது ஆப்பச்சட்டியைப் பழக்குவது போலவே உள்ளே நல்லெண்ணெய் தடவிச் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவிச் சுட்டு, மூன்று நாள் பழக்கினாள். நாலாம் நாள் ரொட்டி தட்டினதும் விழுந்தது. மோகன் அதைக் கையில் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு, “ராணியோட கருணை,” என்றான்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய், உன் ராணியைக் கொட்டிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று நிற்பதா? செவ்வாய் ராத்திரி காலி ஜாடியைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் யோசித்தாள். பயம் கொஞ்சம் இருந்தது. விருந்து நின்றால் சமையற்கூடம் பூட்டப்படும். ஆறு பெண்களுக்கும் வேலை இல்லை. ஆனால் பயத்தை விட இளக்காரம்தான் கூடுதலாக இருந்தது. புளித்த மாவுக்கும் புளித்த மாவுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருந்தால் அந்தக் கண்மூடி கண்டுபிடிக்கட்டும்.

பெட்டிக்கடை ஈஸ்ட் போட்டால் பன் வாசனை வந்துவிடும். அது குழந்தைக்கும் தெரியும். இட்லி மாவையோ கொட்டியாயிற்று. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம் போலக் கியாக்தான் பஸ்ஸில் கள் வந்தது. பர்மியர்கள் தான்யே என்பார்கள். வாரம் இரண்டு கேன் வரும். ஆப்பத்துக்குக் கள் ஊற்றித்தான் வேண்டும் என்று கேட்கிற வீடுகள் இன்னும் சில இருந்தன. மாவில் அரைக் கேனை ஊற்றிக் கலக்கி, ஜாடியில் நிரப்பி, துணி கட்டி, நீல ரிப்பனைச் சுற்றினாள். பகல் பன்னிரண்டுக்குள் அது ஜாடியை விட்டு வெளியே வரப் பார்த்தது.

மோகன் வெயிலில் சிவந்துபோய் வந்து சேர்ந்தான். நேராக அலமாரிக்குப் போனான். துணியை விலக்கி மூக்கை வைத்தான். சத்யபாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை மட்டும் நிறுத்தினாள்.

மோகன் கண்ணை மூடினான். வெகு நேரம் திறக்கவில்லை.

“மாமா! இங்க வாங்க!” என்று கத்தினான். “இந்த வாசனையைப் பாருங்க. இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்ல. இது நைல் நதி. சத்தியமா நைல் நதி.”

தனசேகரன் வந்து மோந்து பார்த்தார். அவருடைய மூக்கு சுருங்கியது. அவர் நாற்பது வருஷம் சமையல் தொழிலில் இருந்தவர். சத்யபாமாவை ஒரு தரம் பார்த்தார். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“என்ன செஞ்சீங்க மா சத்யா?” என்றான் மோகன்.

“ரெண்டு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணி. நீங்க சொன்னதுதான்.”

“கிரகணம்! நேத்து கிரகணம் இல்ல? அதுதான் எழுப்பி விட்டிருக்கு.” ஜாடியைத் தூக்கிக் கைப்பேசியில் படம் எடுத்து, குமிழிகளின் சத்தத்தைப் பதிவு பண்ணி, அதற்கு எகிப்து ராணி மூச்சு விடுகிறாள் என்று பெயர் போட்டு அனுப்பினான். சாயங்காலத்துக்குள் எண்ணூறு பேர் அதைக் கேட்டிருந்தார்கள்.

சத்யபாமாவுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. பொய் சொன்ன உறுத்தல் கொஞ்சமும் இல்லை. எண்ணூறு பேர் உட்கார்ந்து கள் நுரைக்கிற சத்தத்தைக் கேட்கிறார்கள். அன்று ராத்திரி மாவு பிசையும்போது பாட்டுக் கூடப் பாடினாள். யார் சாப்பிடப்போகிறார்கள்? ஏசியில் உட்கார்ந்து கூலிக்காரன் சாப்பாடு தின்ன வருகிற கூட்டம். நோன்பு மாதம் என்பதால் முஸ்லிம் வீடுகளிலிருந்து ஒருத்தர்கூடச் சீட்டு வாங்கவில்லை என்று தனசேகரன் ஏற்கெனவே குறைப்பட்டிருந்தார். அதை அவள் ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது போதும் என்று நினைத்தாள்.

வியாழன் மத்தியானமே கப்பல் கம்பெனிக் கட்டடத்தின் பின்முற்றத்தில் தணல் மூட்டியாயிற்று. இருட்டுவதற்கு முன்னால் சாப்பிடுவதுதான் எகிப்திய வழக்கம் என்று மோகன் சொன்னதால் விருந்து ஆறு மணிக்கு. நாலு மணிக்கு ரொட்டிகள் தணலுக்குள் போயின. ஐந்தரைக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு, புளிப்பும் இனிப்புமாக ஒரு மணம். தான் செய்தது என்பதால் சொல்லவில்லை. அப்படி ஒரு ரொட்டி ரங்கூனில் யாரும் சுட்டதில்லை என்று சத்யபாமாவுக்குத் தெரிந்தது. அந்தப் பெருமை எகிப்துக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதும் தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் சைக்கார் என்கிற மிதிவண்டி ரிக்‌ஷா வந்து நின்றது. சுல்தான் பீவி இறங்கினார்.

பபேடான் பேட்டையில் தேக்சா என்கிற பெரிய சமையல் அண்டாக்களை வாடகைக்கு விடுகிற கடை சுல்தான் பீவியுடையது. எகிப்தியரிடம் தாமிரப் பாத்திரம் இருந்தது என்று மோகன் பிடிவாதம் பிடித்ததால் பருப்பு வேகவைக்க அவரிடம்தான் இரண்டு தாமிர தேக்சா எடுத்திருந்தார்கள். ஐம்பத்தாறு வயது. வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு முற்றத்துக்குள் வந்து, வணக்கம் எதுவும் சொல்லாமல் முதலில் தேக்சாவைச் சுற்றிப் பார்த்தார்.

“போன மாசம் ஒரு தேக்சாவை நெளிச்சுக் குடுத்தீங்க. அதான் நானே வந்தேன். கடைப் பசங்க நோன்பு தொறக்கப் போயிட்டானுங்க.”

“நான் நெளிக்கல லாத்தா. ஒங்க தேக்சாவுக்கே வயசாயிருச்சு.”

“எனக்கு வயசாயிருச்சுன்னு சொல்றே.”

“ஒங்களை நெளிக்க யாரால முடியும்?”

சுல்தான் பீவி சிரித்துக்கொண்டே கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்தார். பிறகு மூக்கை நிமிர்த்தினார். “அடியே, என்ன மணம் இது! காலைலேருந்து வயித்துல ஒண்ணும் இல்ல. ஆளைத் தூக்குதே.”

சத்யபாமாவின் கை தணல் குச்சியிலேயே நின்றது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குத் தேக்சா கொண்டுவந்த இடத்தில், சத்யபாமா சுட்ட ஆப்பத்தைக் காட்டி இந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார்: “சாப்பிடலாமா?” அப்போது சத்யபாமா வேலைக்குப் புதிது. சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. “வேணாம் லாத்தா, கள்ளு ஊத்தினது,” என்றாள். அன்றையிலிருந்து கள் மாவுக்குத் தனிப் பானை, கழுத்தில் சிவப்புக் கயிறு. சுல்தான் பீவிக்கு வேறு பானை, வேறு கரண்டி, வேறு சட்டி. தங்கை வீட்டையும் சத்யபாமாவின் கையையும் தவிர சுல்தான் பீவி வெளியில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. இங்கேயும் இறைச்சி பக்கமே போகமாட்டார். இட்லி, ஆப்பம், வடை மட்டும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்பார். சத்யபாமா சாப்பிடலாம் என்று சொன்னால் சாப்பிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை விசாரித்தது கிடையாது.

“ஒங்களுக்குப் பேரீச்சம்பழம் எடுத்துத் தரேன்,” என்றாள் சத்யபாமா. “வாழைப்பழம் இருக்கு. சர்பத் இருக்கு, நானே கரைச்சது.”

“ரொட்டி?”

“அது ஒங்களுக்கு வேணாம்.”

“ஏன்?”

“பல்லு போயிரும். இந்த எகிப்துக்காரனுங்க எல்லாருக்கும் பல்லு போயிருச்சாம். மண்ணுத் தின்னிப் பசங்க.”

சுல்தான் பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “காலைல நீ போன்ல ஏசினதே எனக்கு இன்னும் தீரல. மொளகா இல்லாத நாடு, சல்லடை இல்லாத நாடு. பாவம், அவங்க செத்து எத்தனை காலம் ஆச்சு, இன்னும் நீ விடமாட்டேங்கறியே.”

சத்யபாமா தானும் சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. ரொட்டித் தட்டு எடுக்க மோகன் கீழே வந்தான். வெள்ளை லினன் சட்டை, விரலில் வண்டு பொறித்த மோதிரம், கண்ணோரத்தில் மை. மாடியில் விருந்தாளிகள் உட்கார்ந்தாயிற்று. வெள்ளைத் துப்பட்டியோடு ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. யார் என்று கேட்டான். நோன்பு திறக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அப்படியே உருகிவிட்டான்.

“நாள் பூரா பசியோட இருந்தவங்க! அம்மா, முதல் ரொட்டி உங்களுக்குத்தான். மேல வாங்க. நாலாயிரம் வருஷத்து ரொட்டியைப் பசின்னா என்னன்னு தெரிஞ்சவங்கதான் முதல்ல பிய்க்கணும்.”

“நான் எதுக்கு வாப்பா அங்க?”

“மறுக்கக் கூடாது.” அவர் கையைப் பிடிக்காத குறையாக மாடிப்படி வரை கூட்டிப் போய்விட்டான்.

“தம்பி, அவங்களை விடுங்க,” என்று சத்யபாமா பின்னாலேயே போனாள். “அவங்க வெளிய சாப்பிட மாட்டாங்க.”

“சர்பத்தாவது குடிச்சிட்டுப் போகட்டும் மா சத்யா.”

மாடி முழுக்க மெழுகுவர்த்தி. ஜெனரேட்டர் ஓடியும் மெழுகுவர்த்தி. நாற்பது பேர் நீளமான பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து பழகாத முழங்கால்கள் எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண்மணி பச்சை வெங்காயத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் கருவாட்டை மோந்து பார்த்து, ‘எவ்வளவு தொன்மை’ என்கிற மாதிரித் தலையாட்டினார். அவர் வீட்டு வேலைக்காரி தினமும் வறுக்கிற கருவாடு அது.

மோகன் நடுவில் சுல்தான் பீவியை உட்கார வைத்தான். பர்மிய மொழியில் பேசினான், தனசேகரன் பக்கத்தில் கைகட்டி நின்று புன்னகைத்தார். பிரமிடு கட்டியவர்கள், ராணி, நாலாயிரம் வருஷம், ஒரு நாள் முழுக்கப் பசித்திருந்த தாய். நாற்பது கைப்பேசிகள் எழுந்தன. மோகன் ஒரு முழு ரொட்டியை வாழையிலையில் வைத்து அவர் முன்னால் நீட்டினான்.

தெருவிலிருந்து பாங்கு சத்தம் மேலே வந்தது. சுல்தான் பீவி கண்ணைத் தாழ்த்தி உதட்டுக்குள் ஓதினார். சத்யபாமா ஓடிக் கொண்டுவந்து வைத்த பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார். பிறகு ரொட்டியைப் பார்த்தார். பிறகு சத்யபாமாவைப் பார்த்தார்.

“சத்யா. சாப்பிடலாமா?”

மாடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் கேள்வி என்னவென்று புரிந்திருந்தது.

“வேணாம் லாத்தா,” என்றாள் சத்யபாமா.

மோகன் சிரித்தான். பர்மிய மொழியில் விருந்தாளிகளுக்குச் சொன்னான்: எங்கள் தலைமைச் சமையல்காரிக்கு எகிப்து சாப்பாடு என்றாலே ஆகாது. மிளகாய் இல்லாததைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். விருந்தாளிகள் சிரித்தார்கள். தனசேகரனும் சிரித்தார், ஆனால் அவருடைய கண்கள் சத்யபாமாவை விட்டு நகரவில்லை.

“சத்யாம்மா,” என்றார் தணிந்த குரலில், “ஒரு வார்த்தை. சாப்பிடலாம்னு சொல்லுங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“வேணாம்னுதான் சொல்றேன்.”

“இதுல என்ன இருக்கு அம்மா?” என்று மோகன் சுல்தான் பீவியிடம் குனிந்தான். “மாவு, தண்ணி, உப்பு. அப்புறம் எங்க ராணி. அவ்வளவுதான். மா சத்யா கையாலயே பிசைஞ்சது.”

சுல்தான் பீவி சத்யபாமாவை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை, சிரிப்புதான் இருந்தது.

“நீ இதை ஒரு மாசமா ஏசிக்கிட்டுத்தானே இருக்கே,” என்றார். “மண்ணுத் தின்னிங்க, பல்லு போனவங்கன்னு. இந்தப் புள்ள எவ்வளவு ஆசையாக் குடுக்குது பாரு. ஒன் கைதானே பிசைஞ்சது? அப்புறம் எனக்கு என்ன?”

சத்யபாமா வாயைத் திறந்தாள். அதற்குள் எத்தனை வார்த்தைகள் இருந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. உப்பு கூடிவிட்டது என்று சொல்லலாம், அதையும் சிரிப்பார்கள். உள்ளே வேகவில்லை என்று சொல்லலாம். மோகன் பிய்த்துக் காட்டுவான். இந்த ஒரு மாதத்தில் அவள் இந்தச் சாப்பாட்டைப் பற்றி எத்தனை சொல்லியிருந்தாளோ அத்தனையும் இப்போது அவள் சொல்கிற எதையும் வேடிக்கையாக்கிவிட்டன. கட்டடத்துக்கு வெளியே ஜெனரேட்டர் ஒரு தரம் இருமிவிட்டு மறுபடி ஓடியது. கீழே முற்றத்தில் ஆறு பெண்கள் அடுத்த தட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். தனசேகரனின் புன்னகை அப்படியே இருந்தது. அவருடைய வலது கை மட்டும் இடுப்பில் கட்டிய லோஞ்சியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை அந்த மூக்கு ஏன் சுருங்கியது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நிற்கிறார்.

சுல்தான் பீவி ரொட்டியைப் பிய்த்தார். ஆவி மெல்ல எழுந்தது. நாற்பது கைப்பேசிகளும் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன. மோகன் கண்ணை மூடிக்கொண்டான்.

“பிஸ்மில்லா,” என்று அவர் கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

சத்யபாமா இரண்டு பாய்களைத் தாண்டி, யாரோ ஒருத்தருடைய முழங்காலை மிதித்துக்கொண்டு போய், அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது அவளுக்குத் தெரிந்தது.

“கள்ளு ஊத்திப் பொங்க வச்ச மாவு லாத்தா. நான்தான் ஊத்தினேன்.”